லைசென்ஸ் கையில் இருக்கு, கிளட்ச் காலில் இருக்கா? மேனுவல் கார் கற்க ஒரு முழு விளக்கம்

மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. உங்கள் காருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் ஓர் ஆட்டோ. முன்னால் நிற்கும் வண்டி நகர்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறீர்கள், கார் பின்னால் உருள்கிறது. பதறிப்போய் கிளட்ச்சை டப்பென்று விடுகிறீர்கள், வண்டி ஒரு உதறு உதறி ஆஃப் ஆகிறது. ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது.

உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலுக்கு முழுப் பணமும் கட்டினீர்கள், டெஸ்ட்டிலும் பாஸ். அப்புறம் ஏன் இப்படி?

நம்மில் பலருக்குக் காரணம் ஒன்றுதான். பயிற்சி நாட்களில் அந்தக் கிளட்ச்சை உண்மையில் மிதித்தது நம் கால் இல்லை, பக்கத்து சீட்டில் இருந்தவரின் கால்.

சுருக்கமாக:

• இந்தியாவில் கார் லைசென்ஸ் மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று பிரித்துத் தரப்படுவதில்லை. லைசென்ஸ் இருப்பதாலேயே மேனுவல் ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாது.
• ஆனால், தேர்வில் என்ன பார்க்க வேண்டும் என்று மத்திய விதி சொல்வதில் கியர் மாற்றுவதும் ஏற்றத்தில் வண்டி எடுப்பதும் இருக்கின்றன.
• கற்க வேண்டிய மையத் திறமை ஒன்றே: கிளட்ச் 'பிடிக்கும்' இடத்தைக் காலால் உணர்வது.
• அதைக் கற்க, பயிற்சியாளர் தன் காலைத் தன் பெடல்களிலிருந்து எடுத்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டூவீலரில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988 கியர் உள்ள டூவீலரையும் கியர் இல்லாததையும் இரண்டு தனி வகைகளாக வைத்திருக்கிறது. கியர் வண்டியில் தேர்ச்சி பெற்றவர் ஸ்கூட்டரும் ஓட்டலாம். ஸ்கூட்டர் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு புல்லட் ஓட்ட முடியாது.

காரில் இந்தப் பிரிவினை இல்லை. எல்எம்வி, அதாவது இலகுரக மோட்டார் வாகனம் என்ற ஒரே வகைதான். கிளட்ச் பெடலே இல்லாத ஆட்டோமேட்டிக் காரும் 7,500 கிலோ வரையிலான சின்ன சரக்கு வண்டியும் இதற்குள் வந்துவிடும். எல்எம்வி லைசென்ஸ் உள்ளவர் அந்த எடை வரையிலான போக்குவரத்து வாகனங்களையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. நடுவில் கியர் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 15-வது விதியைப் படித்துப் பாருங்கள். ஓட்டுநர் தேர்வில் நீங்கள் செய்துகாட்ட வேண்டியவற்றில் இவையும் அடக்கம்: சீராகக் கிளம்பி டாப் கியர் வரை எல்லா கியரும் போடுவது, தேவைப்படும்போது சட்டென்று கீழ் கியருக்கு வருவது, இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றுவது, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, கொஞ்சமும் பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது.

உங்கள் டெஸ்ட் நாளை நினைத்துப் பாருங்கள். இதில் எத்தனை நடந்தது?

பக்கத்து சீட் காலின் கதை

டிரைவிங் ஸ்கூல் கார்களில் பயிற்சியாளர் பக்கமும் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்காகத்தான். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அவர் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

பிரச்சினை அங்கேயேதான் ஆரம்பிக்கிறது. காலை நேர டிராஃபிக்கில் ஒவ்வொரு சிக்னலிலும் உங்கள் வண்டி ஆஃப் ஆனால் அவருடைய அடுத்த வகுப்பு தாமதமாகும். அதனால் நீங்கள் கேட்காமலேயே அவர் கால் வேலை செய்யத் தொடங்கிவிடும். 'ஸ்டீயரிங்கை மட்டும் பாருங்க' என்பார். வண்டி வெண்ணெய் மாதிரி நகரும். நமக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

நேரக் கணக்கையும் பாருங்கள். சொந்த உபயோகக் கார் பயிற்சிக்கு 31-வது விதி கேட்பது குறைந்தது 21 நாள் பயிற்சியும் 10 மணி நேர ஓட்டமும். வகுத்தால் ஒரு நாளைக்கு 28 நிமிடத்துக்குச் சற்று அதிகம். உங்களுக்கு 15 வகுப்புகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்றால் மொத்தம் 5 மணி நேரம்தான். விதி சொல்வதில் சரிபாதி. அதிலும் கிளட்ச் உங்கள் காலில் இருந்த நேரம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளில், எல்எம்வி பயிற்சி நான்கு வாரங்களில் 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செய்முறை.

கிளட்ச் என்னதான் செய்கிறது?

ஓடும் பஸ்ஸில் ஏறுவது தப்புதான். ஆனால் ஏறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து அப்படியே தாவ மாட்டார். கூடவே நாலு எட்டு ஓடி, பஸ்ஸின் வேகத்துக்குத் தன் வேகம் வந்த பிறகுதான் ஏறுவார். நின்றபடி கம்பியைப் பிடித்தால் கை பிய்ந்துவிடும்.

கிளட்ச் செய்வதும் அந்த நாலு எட்டு வேலைதான். எஞ்சின் ஆன் செய்ததுமே நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரம் சும்மா நிற்கிறது. இரண்டையும் திடீரென்று இணைத்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். அதுதான் வண்டி ஆஃப் ஆவது. கிளட்ச்சை மெதுவாக விடும்போது கிளட்ச் பிளேட் முதலில் உரசி வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும். கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சுற்றும்.

உரசல் தொடங்கும் அந்த இடத்துக்குப் பெயர் பைட்டிங் பாயின்ட். நம் ஊர்ப் பேச்சில் ஹாஃப் கிளட்ச். அது ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். பிளேட் தேயத் தேய மாறவும் செய்யும். ஆனால் அது தரும் அடையாளங்கள் எல்லா காரிலும் ஒன்றுதான்: எஞ்சின் சத்தம் சற்று இறங்கும், பானெட் லேசாகத் தூக்கும், காலில் ஒரு சின்ன அதிர்வு தெரியும்.

கியர் எதற்கு? சைக்கிளில் மேடு ஏறும்போது லேசான கியர் போடுவது போலத்தான். சிறிய கார்களில் முதல் கியரில் எஞ்சின் தண்டு சுமார் மூன்றரை முறை சுற்றினால்தான் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு முறை சுற்றும். இழுவை அதிகம், வேகம் குறைவு. ஐந்தாவது கியரில் எஞ்சின் ஒரு சுற்று முடிக்கும் முன்பே அந்தத் தண்டு ஒரு சுற்றை முடித்துவிடும். வேகம் அதிகம், இழுவை குறைவு.

ஐந்து பயிற்சிகள், இதே வரிசையில்

எல்எல்ஆர் வைத்திருப்பவர் என்றால் காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' பலகை வேண்டும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியவரும் அனுபவமுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

1. ஆக்சிலரேட்டரே வேண்டாம். சமதளம், ஆள் இல்லாத இடம், முதல் கியர். கிளட்ச்சை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் மேலே விடுங்கள். கார் தானாக நகரும். உடனே மறுபடி கிளட்ச்சை அழுத்தி, பிரேக் போட்டு நிறுத்துங்கள். இதையே இருபது, முப்பது முறை செய்யுங்கள். போரடிக்கும்தான். ஆனால் மேனுவல் காரின் பாதிப் பாடம் இதில் முடிந்துவிடும். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் கட்டுப்பாடு கூடும்.

2. ஆக்சிலரேட்டரோடு கிளம்புவது. லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிடிக்கும் இடத்தில் கிளட்ச்சை ஒரு நொடி நிறுத்தி, பிறகு முழுதாக விடுங்கள். 'நிறுத்தி விடுவது' என்பதுதான் சூட்சுமம்.

3. கியர் ராடைப் பார்க்காமல் மாற்றுவது. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை அழுத்திக்கொண்டு பழகுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. கண் ரோட்டில் இருக்கட்டும். கையை மட்டும் பழக்குங்கள்.

4. ஏற்றத்தில் எடுப்பது. ஹேண்ட் பிரேக் போடுங்கள். முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலரேட்டர். கிளட்ச் பிடித்து பானெட் தூக்கும்வரை விடுங்கள். இப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கார் பின்னால் போகாது. அந்த இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரைக் கூட்டி, கிளட்ச்சை விடுங்கள். முதலில் சின்ன மேட்டில், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில் பழகுங்கள். புது கார்கள் சிலவற்றில் உள்ள ஹில் ஹோல்ட் வசதி ஓரிரு நொடிகள்தான் வண்டியைப் பிடித்து வைக்கும்.

5. ஊர்ந்து செல்லும் டிராஃபிக். முன் வண்டி ஓரடி நகர்ந்ததும் நீங்களும் ஓரடி நகர வேண்டியதில்லை. கொஞ்சம் இடம் விட்டு, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். கிளட்ச்சும் பிழைக்கும், காலும் பிழைக்கும்.

வண்டி ஆஃப் ஆகிவிட்டதா? பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். கிளட்ச்சை அழுத்தி, நியூட்ரலுக்கு வந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மொத்தமே ஐந்து நொடி. பின்னால் ஹாரன் அடிப்பவரும் ஒரு காலத்தில் ஆஃப் செய்தவர்தான்.

எந்த வேகத்துக்கு எந்த கியர்?

ஐந்து கியர் சிறிய காருக்குத் தோராயமான கணக்கு இது. உங்கள் காரோடு வந்த கையேடு சொல்வதே இறுதி.

• முதல் கியர்: கிளம்பி சுமார் 15 கி.மீ. வேகம் வரை
• இரண்டு: 15 முதல் 30
• மூன்று: 30 முதல் 45
• நான்கு: 45 முதல் 60
• ஐந்து: 60-க்கு மேல்

மனப்பாடம் செய்வதைவிடக் காதைப் பழக்குங்கள். எஞ்சின் அலறினால் மேல் கியர் கேட்கிறது. உறுமி உதறினால் கீழ் கியர் கேட்கிறது.

பணத்தைத் தின்னும் பழக்கம், உயிரைத் தின்னும் பழக்கம்

ஓட்டும்போது கிளட்ச் பெடல் மீதே காலை வைத்திருப்பது, சிக்னல் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து வைப்பது, இரண்டுமே கிளட்ச் பிளேட்டைத் தேய்த்துவிடும். கருகிய வாசனை வந்தால் அது எச்சரிக்கை.

இதனால் போவது காசு மட்டும்தான். உயிருக்கே ஆபத்தானது, மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. முழு பாரமும் பிரேக் மீது விழும். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். எஞ்சினையும் அணைத்துவிட்டால், ஓரிரு முறை அழுத்தியதும் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும்.

கொல்லிமலையோ வால்பாறையோ, இறங்கும்போது இரண்டாவது கியர்தான் உங்கள் முதல் பிரேக். குறுகிய மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஏற்றத்தில் நின்று மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த மேம்பாலத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்களே.

ஆட்டோமேட்டிக் வாங்கினால் போதாதா?

நியாயமான கேள்வி. 2014-ல் மாருதி செலேரியோ மூலம் ஏஎம்டி கியர்பாக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதன்பின் ஆட்டோமேட்டிக், பட்ஜெட் கார்களுக்கும் எட்டியது. 2020-ல் ஹூண்டாய் வென்யூ, கிளட்ச் பெடல் இல்லாமல் கையால் கியர் மாற்றும் ஐஎம்டியைக் கொண்டு வந்தது. எலெக்ட்ரிக் காரில் கிளட்ச்சே கிடையாது. தினமும் நெரிசலில் ஆபீஸ் போகிறவருக்கும் இடது கால் வலி உள்ளவருக்கும் ஆட்டோமேட்டிக்தான் நல்லது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் நம் சாலைகளில் இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவை மேனுவல். ஊரில் அப்பா வைத்திருக்கும் கார், நண்பனின் கார், குறைந்த விலைக்குக் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் கார், இவையெல்லாம் மேனுவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால், வாசலில் நிற்பது எந்தக் கார் என்று தேர்ந்தெடுக்க முடியாது.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலும் இது பயன்படும். பிரிட்டனிலும் ஜப்பானிலும் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் செய்தால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். ஜெர்மனியில் 2021 ஏப்ரல் முதல், ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினாலும் குறைந்தது 10 பாடவேளை மேனுவல் பயிற்சியும் ஒரு சோதனை ஓட்டமும் முடித்திருந்தால் இரண்டையும் ஓட்டலாம்.

டிரைவிங் ஸ்கூலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பணம் கட்டும் முன்பே கேளுங்கள். தயங்க வேண்டாம்.

• மொத்தம் எத்தனை மணி நேரம் நான் ஓட்டுவேன்? வகுப்பு எண்ணிக்கை வேண்டாம், மணிக்கணக்கில் சொல்லச் சொல்லுங்கள்.
• படிவம் 15-ஐப் பார்க்கலாமா? பயிற்சி பெறுபவர் ஓட்டிய நேரத்தைப் பதிவதற்கான படிவம் அது.
• முதல் இரண்டு வகுப்புகளை டிராஃபிக் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ள முடியுமா?
• ஏற்றத்தில் எடுக்க ஒரு முழு வகுப்பு தருவீர்களா?

ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவரா நீங்கள்? வெட்கப்பட ஒன்றும் இல்லை. மறுபடி நாலைந்து வகுப்பு மட்டும் சேருங்கள். முதல் நாளே பயிற்சியாளரிடம் மரியாதையாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, ஆபத்துன்னா மட்டும் நீங்க மிதிங்க. வண்டி ஆஃப் ஆனா ஆகட்டும். நானே எடுக்கிறேன்."

அன்றைக்குப் பத்து முறை ஆஃப் ஆகும். பதினோராவது முறை, எஞ்சின் சத்தம் லேசாக இறங்குவதை உங்கள் இடது கால் கண்டுபிடித்துவிடும். அதன்பிறகு எந்தக் காரில் ஏறினாலும் அந்தச் சத்தத்தை உங்களுக்குத் தெரியும்.