நீளும் தவணை: போர்முனைப் பணியும் படைவீரர் குடும்பமும்

2005 ஆகஸ்டில் அலாஸ்காவிலிருந்து ஈராக் சென்ற அமெரிக்கத் தரைப்படையின் 172ஆவது ஸ்டிரைக்கர் பிரிகேடுக்குப் பணிக்காலம் ஓராண்டு. அது முடியும் தறுவாயில், 2006 ஜூலை இறுதியில், மேலும் நான்கு மாதம் வரை நீட்டிக்கும் ஆணை வந்தது. அதற்குள் சில நூறு வீரர்கள் வீடு சேர்ந்திருந்தனர். அவர்களிலும் பலர் மறுபடி விமானம் ஏற்றப்பட்டனர். கொதித்துப்போயிருந்த குடும்பங்களைச் சந்திக்கப் பாதுகாப்புச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டே ஆகஸ்டில் அலாஸ்காவின் வெயின்ரைட் கோட்டைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

போர்முனைப் பணியின் பாதிப்பைப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டையே அளக்கின்றனர்: களத்தில் கண்ட கொடுமை, பிரிவின் நீளம். மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தாக வேண்டும் என்பது என் வாதம். அது, சொன்ன நாளில் திரும்ப முடியாமல் போவது.

நீளத்தின் பங்கை மறுக்க முடியாது. 2010இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த மேன்ஸ்ஃபீல்ட் குழுவினரின் ஆய்வு, அமெரிக்கத் தரைப்படை வீரர்களின் மனைவியர் இரண்டரை லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. கணவர் போர்முனைக்குச் சென்றவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் உறக்கக் கோளாறும் கூடுதலாக இருந்தன. பிரிவு 11 மாதத்தைத் தாண்டியபோது இன்னும் கூடின. மருத்துவரை நாடியவர்கள் மட்டுமே இக்கணக்கில் வருகின்றனர். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

என் வாதத்துக்கு நெருக்கமானது 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரோனா குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மூன்றாண்டுகளில் 13 மாதமோ அதற்கு மேலோ போர்முனையில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் அதிகம் காணப்பட்டது. எதிர்பார்த்த காலத்தைவிடப் பணி நீண்டுபோனதற்கும் அந்நோய்க்கும் தொடர்பு இருந்ததையும் அவ்வாய்வு காட்டியது. நோயுற்றவர்தான் காலத்தை நீண்டதாக நினைவுகூர்கிறார் என்று தடை எழுப்பலாம். நியாயமான தடைதான். ஆயினும் நீட்டிப்பு ஆணைகள் நினைவில் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. 2007 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படையின் பணிக்காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக்கப்பட்டபோது, ஏற்கெனவே களத்தில் இருந்தவர்களையும் அது கட்டுப்படுத்தியது.

தேதி தவறுவது ஏன் இவ்வளவு குலைக்கிறது? குடும்பம் என்பது வேலைப் பங்கீடு. ஒருவர் போனதும் வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு, கண்டிப்பு எல்லாம் கைமாறுகின்றன. திரும்பும் நாள் தெரிந்தால் அந்த மாற்றத்தைத் தற்காலிக ஏற்பாடாகத் தாங்கலாம். தெரியாவிட்டால் அவருக்கு இடம் வைப்பதா, இல்லாமலே பழகுவதா என்று முடிவெடுக்க இயலாது. வியட்நாம் போரில் காணாமற்போனோர் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார்: ஆள் இல்லை, ஆனால் இழந்துவிட்டதாகவும் கொள்ள முடியாது. அவர் காட்டும் மறுபக்கமும் உண்டு. ஆள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார், மனம் வந்திருக்காது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஐயோவா மாநிலக் குடும்பங்களை ஆராய்ந்து ரூபன் ஹில் 1949இல் வெளியிட்ட நூல், பிரிவைப் போலவே மறுகூடலையும் நெருக்கடியாகவே கணக்கிட்டது.

நம் முல்லைத்திணை மரபு தேதி தவறும் இத்துயரை அறியாததன்று. தலைவன் குறித்துச் சென்ற பருவம் வந்தும் அவன் வராதபோதுதான் தலைவியின் ஆற்றாமை பெருகுகிறது. முல்லைப்பாட்டு ஒருபடி மேலே போய், பாசறையில் உறங்காத அரசனையும் காட்டுகிறது.

எல்லாத் துயரையும் போர்முனைப் பணியின் தலையில் கட்டுவதும் பிழை. 2015இல் ரீகர் குழுவினர் அமெரிக்கப் படையினர் 39 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, போர்முனைக்குச் சென்றதற்கும் தற்கொலை விகிதத்துக்கும் தொடர்பு காணவில்லை. எனவேதான் போனாரா, இல்லையா என்பதோடு நின்றுவிடாமல் எவ்வாறு அனுப்பப்பட்டார், எப்போது திரும்பினார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கத் தரைப்படை 2008இல் 12 மாதத்துக்குத் திரும்பியது. 2012 முதல் ஒன்பது மாதமாக்கியது. ஒப்பந்தம் முடிந்தும் பணியில் நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கு மாதம் 500 டாலர் ஈடு வழங்க 2009இல் சட்டம் வந்தது. வீரரின் மாதங்களுக்கு விலை கிடைத்தது; மனைவியின் மாதங்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்தியாவிலும் ஆபரேஷன் பராக்ரம் என்ற படைக்குவிப்புக்காக 2001 டிசம்பரில் பாகிஸ்தான் எல்லைக்குச் சென்ற படைகள் ஏறத்தாழ பத்து மாதம் அங்கேயே நின்றன. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் அந்த மாதங்களைக் கடந்த பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் சமூகவியல் ஆய்வாளர்கள் அவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும்.