பிள்ளைகளை எழுதிக் கொடுத்த தகப்பனார்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்கள் இப்போது நம் அடையாறு, மயிலாப்பூர் பக்கங்களிலும் ஒன்றிரண்டு இருக்கின்றன. சிலர் பரீட்சை நெருக்கடி பிடிக்காமல் செய்கிறார்கள். சிலர் தங்கள் சமய ஒழுக்கப்படி பிள்ளை வளர வேண்டும் என்று செய்கிறார்கள். கேட்டால் 'ஹோம் ஸ்கூலிங்' என்கிறார்கள். என் வயதுக்காரர்கள் பலர் இதை அமெரிக்காவிலிருந்து வந்த புது மோஸ்தர் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதே அடையாற்றில் 1909-ஆம் வருஷம் இரண்டு சிறுவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, சமயக் காரணத்துக்காகத் தனியாகப் படிக்க வைத்தார்கள். அது செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடங்கி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்காக முடிந்தது. பிள்ளைகளைக் கொடுத்தவரும், பிறகு திருப்பிக் கேட்டவரும் நம்மைப் போல் பென்ஷன் வாங்கிய ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர்தான்.

அவர் பெயர் ஜிட்டு நாராயணய்யா. மதனப்பள்ளியைச் சேர்ந்த தெலுங்கு பிராமணர். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்துத் தாசில்தார் வரை உயர்ந்தவர். வீட்டில் பூஜை, ஆசாரம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. அதே சமயம் 1880-களின் தொடக்கத்திலேயே பிரம்மஞான சபையிலும் சேர்ந்துவிட்டார். அன்றைய படித்த இந்துக்கள் பலருக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்காரர்களே வந்து நம் உபநிஷத்துகளைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

எட்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தைக்குக் கிருஷ்ணமூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். பிறந்தது 1895 மே மாதம். கடிரி ஊரில் இருந்தபோது ஆறு வயதில் பூணூல் போட்டு, தட்டில் பரப்பிய அரிசியில் பிரணவத்தை எழுத வைத்து, அதற்குப் பிறகே பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். ஆக அந்தப் பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம் வீட்டுப் பூஜை அறைதான். அவனுக்கு அடுத்த தம்பி நித்யானந்தன், 1898-இல் பிறந்தவன். தாயார் சஞ்சீவம்மா 1905 டிசம்பரில் இறந்துபோனார்.

1907 முடிவில் நாராயணய்யா ஓய்வு பெற்றார். வயது 52. பென்ஷன் மாதம் 112 ரூபாய், அதாவது பழைய சம்பளத்தில் பாதி. தாயில்லாப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் பணத்தில் எப்படிக் குடும்பம் நடத்துவது? பிரம்மஞான சபையின் தலைவியாக அப்போதுதான் வந்திருந்த அன்னி பெசன்ட் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். சபையில் ஏதாவது வேலை செய்கிறேன், தங்க இடம் கொடுத்தால் போதும் என்று கேட்டார். முதலில் அம்மையார் மறுத்துவிட்டார். சொன்ன காரணம்தான் வேடிக்கை. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, மூன்று மைல் போக வேண்டும் என்றாராம். விடாமல் எழுதி, கடைசியில் ஒரு காரியதரிசியிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. 1909 ஜனவரியில் நான்கு மகன்களுடனும் ஒரு மருமானுடனும் வந்து, சபை வளாகத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் குடியேறினார். சமையல் அவருடைய சகோதரி பொறுப்பு.

கிருஷ்ணமூர்த்தியையும் நித்யாவையும் மயிலாப்பூர் பென்னாத்தூர் சுப்பிரமணியம் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். நாமெல்லாம் பி.எஸ். ஹைஸ்கூல் என்று சொல்லும் அதே பள்ளிதான். தினமும் போக மூன்று மைல், வர மூன்று மைல், நடைதான். எல்பின்ஸ்டன் பாலத்தின் மேல்தான் போயிருப்பார்கள். திரு.வி.க. பாலம் வருவதற்கு முன் அந்தப் பழைய பாலத்தில் நடந்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். தம்பி சூட்டிகை. அண்ணனுக்கோ பாடம் ஏறவில்லை. மலேரியாவில் அடிபட்ட உடம்பு. கனவு காண்பவன் போல வகுப்பில் உட்கார்ந்திருப்பான், பிரம்படி வாங்குவான்.

அந்த வருஷம் அடையாறு கழிமுகக் கடற்கரையில் குளிக்க வந்த சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் இந்தப் பையனைப் பார்த்தார். உலகத்துக்கு வரப்போகும் ஜகத்குரு இந்த உடம்பில்தான் இறங்கப் போகிறார் என்று முடிவு செய்தார். நம்பிக்கை அவரவர் விஷயம். அதன் விளைவாக நடந்த காரியம்தான் நமக்கு வேண்டியது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, என் மேற்பார்வையில் படிக்க விடுங்கள் என்று நாராயணய்யாவிடம் கேட்டார். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மெட்ரிகுலேஷன் இல்லாமல் அரசாங்க உத்தியோகம் ஏது? அந்த உத்தியோகத்தில் சாப்பிட்டவருக்கு அந்தப் பயம் இருக்கத்தானே செய்யும். பையன் பள்ளியில் மறுபடி அடி வாங்கியதும் சம்மதித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைய ஹோம் ஸ்கூலிங்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். எர்னஸ்ட் வுட், கிளார்க் போன்றவர்கள் வாத்தியார்கள். முக்கியமாக ஆங்கிலம். காலையில் குளியல், சைக்கிள், டென்னிஸ், நீச்சல், நேரத்துக்குச் சாப்பாடு, தியானம். அடிப்பது கிடையாது. அம்மையார் 1909 நவம்பரில்தான் ஊர் திரும்பி முதன்முதலாகப் பையனைப் பார்த்தார். அன்று முதல் அவனுக்கு அவர் 'அம்மா'. கடைசிவரை அப்படித்தான் அழைத்தான்.

ஆனால் ஒன்று போயிற்று. தாய்மொழி. சில வருஷங்களில் கிருஷ்ணமூர்த்திக்குத் தெலுங்கு மறந்தே போனது. தகப்பனாருடன் பேசும் பாஷை போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்? சிறுவயதில் ஒரு பாஷையில் வளர்ந்து வேறு பாஷையில் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். எனக்குப் படிப்பு பிரெஞ்சில்தான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தமிழ். அந்தப் பிள்ளைகளுக்கு அப்படித் திரும்பி வர ஒரு வீடு இல்லாமல் போயிற்று.

1910 மார்ச் 6-ஆம் தேதி நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். இரண்டு பிள்ளைகளின் பாதுகாவலராகவும் அவர்கள் படிப்புக்குப் பொறுப்பாளராகவும் அன்னி பெசன்ட் அம்மையாரை நியமிப்பதாக. நாற்பது வருஷம் காகிதங்களோடு புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வழக்கின் உயிர்நாடி அந்த ஒரு காகிதம்தான். பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, பின்னால் ஆக்ஸ்போர்டு என்ற எதிர்பார்ப்பில் எழுதிக் கொடுத்தார். 1911-இல் பிள்ளைகளை முதன்முறையாக இங்கிலாந்து அழைத்துப் போனார்கள். கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராக வைத்து உலகம் முழுவதும் ஒரு சங்கமும் ஆரம்பித்தாகிவிட்டது.

தகப்பனாருக்கு மனம் கலங்கத் தொடங்கியது. ஜாதி ஆசாரம் போயிற்று. ஊரில் பேச்சு கிளம்பிற்று. லெட்பீட்டரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். 1912 ஜனவரியில் சமாதானமாகி, இங்கிலாந்துக்கு அழைத்துப் போகத் தடையில்லை என்று இன்னொரு காகிதத்தில் கையெழுத்திட்டார். பிறகு, நான் கொடுத்த சம்மதத்தை ரத்து செய்கிறேன், பிள்ளைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார். கிடைக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் பிராது கொடுத்தார்.

அன்று அடையாறு சென்னை நகரம் அல்ல, செங்கல்பட்டு ஜில்லா. ஆகவே வழக்கு அங்கே தாக்கலாகி, பிறகு சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தகப்பனார் தரப்பு வக்கீல் இளைஞரான சி.பி. ராமசாமி ஐயர். அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். லெட்பீட்டர் மீது தகப்பனார் கடுமையான குற்றச்சாட்டு சொல்லியிருந்தார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளைத் தகப்பனாரிடம் ஒப்படைக்க உத்தரவிட்டு, அவர்களை நீதிமன்றப் பாதுகாப்பில் உள்ள மைனர்கள் என்றும் அறிவித்தார். இது சாதாரண வார்த்தை இல்லை. 1875-ஆம் வருஷச் சட்டப்படி மேஜராகும் வயது 18. கோர்ட்டின் பாதுகாப்பில் இருக்கும் மைனருக்கு மட்டும் அன்று 21. கிருஷ்ணமூர்த்திக்கு அடுத்த மாதமே 18 நிறைகிறது! அம்மையார் ஹைகோர்ட்டிலேயே அப்பீல் செய்தார். அக்டோபரில் அதுவும் தள்ளுபடி.

விடாமல் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் தீர்ப்பு தலைகீழானது. பிள்ளைகள் இங்கிலாந்தில் வசிக்கிறார்கள், செங்கல்பட்டு ஜில்லாவில் அல்ல, எனவே அந்தக் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் அதிகாரமே கிடையாது என்றார்கள். வேண்டுமானால் தகப்பனார் இங்கிலாந்து ஹைகோர்ட்டில் மனுப் போடலாம் என்றார்கள். 112 ரூபாய் பென்ஷன்காரர் லண்டனில் போய் வழக்காடுவதாவது! பிள்ளைகள் அம்மையாரிடமே இருந்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்களை வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒன்று, தகப்பன் தன் பிள்ளையின் படிப்பையும் வளர்ப்பையும் இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் அந்தச் சம்மதம் திரும்பப் பெறக்கூடியது. நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. அந்த வகையில் நாராயணய்யா தோற்ற வழக்கில் அவருடைய கொள்கை ஜெயித்தது. இரண்டு, திரும்பப் பெறுவதானாலும் பிள்ளையின் நன்மைதான் முதலில். பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்காமல் கப்பலில் ஏற்றி அனுப்பச் சொல்லக் கூடாது.

இதே காலத்தில் மயிலாப்பூரில் பிறந்த இன்னொரு பிள்ளையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1886-இல் பிறந்த சுப்பலட்சுமி. அவரும் ஆசாரமான பிராமணக் குடும்பம்தான். பாலிய விவாகம், உடனேயே கைம்மை. தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. வீட்டில் தானே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார், பிறகு கான்வென்ட்டுக்கு அனுப்பினார். உறவினரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டார். 1911-இல் மகள் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர்தான் ஐஸ் ஹவுஸில் பால்ய விதவைகளுக்கு விடுதி நடத்திய சகோதரி சுப்பலட்சுமி. அங்கே வீட்டுப் படிப்பு வாசலைத் திறந்து பிள்ளையை வெளியே அனுப்பியது. அடையாற்றில் அது பிள்ளையை வேறொரு வீட்டுக்கு மாற்றியது.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் ஒரு நுட்பம் வைத்திருந்தார்கள். 1882 மார்ச் 28-ஆம் தேதி ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டம் கல்வியைத்தான் கட்டாயமாக்கியது, பள்ளிக்கூடத்தை அல்ல. தகப்பனே வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் பிள்ளைக்கு வருஷா வருஷம் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள். 2021-இல் அதையும் இறுக்கி, முன் அனுமதி வாங்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பேசுகிறது. வேத பாடசாலைகளுக்கும் மதரஸாக்களுக்கும் 2012 திருத்தத்தில் விலக்குக் கொடுத்தது. வீட்டில் படிப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்பதுதான் இன்று இவர்களுக்கு இருக்கும் வழி.

கடைசியில் ஆக்ஸ்போர்டு கிடைக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி லண்டன் மெட்ரிகுலேஷனிலும் திரும்பத் திரும்பத் தவறினார். நித்யா சட்டம் படித்துத் தேறினார். 1925-இல் கலிபோர்னியாவில் காச நோயால் இறந்தார். 1929-இல் ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில், தன்னைக் குருவாக வைத்து நடந்த சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்துவிட்டார். தகப்பனார் ஊட்டிய மதமும் வேண்டாம், அம்மையார் ஊட்டிய மதமும் வேண்டாம் என்றாகிவிட்டது. பள்ளியில் மந்தம் என்று அடி வாங்கியவர் பின்னாளில் பள்ளிக்கூடங்களை ஆரம்பித்தார். ரிஷி வேலி, பிறந்த ஊரான மதனப்பள்ளிக்குப் பக்கத்தில். 1973-இல் இங்கே அடையாற்றில் 'தி ஸ்கூல்'. அவர் கடைசியாக 1986 ஜனவரியில் பேசியதும் கிரீன்வேஸ் சாலை வசந்த விகாரத்தில்தான். பிள்ளைப் பிராயத்தில் நடந்துபோன வழியிலிருந்து அது வெகுதூரம் இல்லை.

நாராயணய்யா 1924-இல் காலமானார். அதற்கு முன், 1921 முடிவில், பிள்ளைகள் இருவரும் இந்தியா திரும்பியபோது சென்னையில் அவர் வீட்டுக்குப் போனார்கள். காலில் நெற்றி பட விழுந்து வணங்கினார்கள். பெரியவருக்குப் பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. வழக்குக் கட்டுகளில் இதெல்லாம் இருக்காது.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்களைக் கண்டால் நான் குறை சொல்வதில்லை. இரண்டே கேள்விதான் கேட்பேன். உங்கள் பிள்ளை உங்களோடு எந்த பாஷையில் பேசுகிறான்? அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனையும் கேட்டீர்களா? பிரிவி கவுன்சில் கேட்ட கேள்வி இரண்டாவது. முதலாவது என்னுடையது.