பழம் சேர்ந்த மதுவின் வலிமை: அளந்தறிந்த மூன்று முறைகள்

பழம் சேர்ந்தால் மதுவின் வலிமை கூடும் என்பது பரவலான எண்ணம். பழைய நூல்களில் வரும் பழத்தேறலைப் படிக்கும்போதும் இவ்வெண்ணம் நம்மையறியாமல் நுழைகிறது. இது எவ்வளவு பொருந்தும் என்பதையும், மதுவின் வலிமையை முன்னோர் எவ்வாறு அளந்தனர் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் காட்டும் மலைச்சுனை முதற்சான்று. மிளகு உதிர்ந்த பாறைச்சுனையில் மாங்கனி வீழ்கிறது. கலைந்த தேனும் பலாப்பழமும் சேர்கின்றன. யாவும் விளைந்து தேறலாகின்றன. அதை நீரென்று கருதிப் பருகிய மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் மகளைப்போல் தளர்கிறது. இங்கு வலிமைக்கு எண் இல்லை. பருகிய உயிரின் நடையே அளவுகோல். பெரும்பாணாற்றுப்படை கூறும் மதுவோ தானியத்தால் ஆனது. அரிசிக்கூழை ஆற்றி, உரையாசிரியர் முளையெனக் கொள்ளும் நல்லடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளைவிப்பர். செய்முறையால் இது இன்றைய பியருக்கு நெருங்கிய உறவு. இங்குக் கால அளவு உண்டு, பழம் இல்லை.

இரண்டாவது முறை, இடுபொருளை அளப்பது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அளித்த சுவடியைக் கொண்டு மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த அர்த்தசாஸ்திரத்தில், மது அதிகாரி பற்றிய இயல் (2.25) ஆசவத்துக்கு விளாம்பழம் ஒரு துலாம், கரும்புப்பாகு ஐந்து துலாம், தேன் ஒரு பிரஸ்தம் என வகுக்கிறது. அளவு காற்பங்கு கூடினால் உயர்ந்தது, குறைந்தால் தாழ்ந்தது என்று தரமும் பிரிக்கிறது. பழத்தைப்போல் ஐந்து மடங்கு பாகு இடப்படுவது கருதத்தக்கது. வலிமையைத் தருவது பாகு. பழம் தருவது பெரும்பாலும் சுவையும் மணமும்.

மூன்றாவது முறை, நொதித்தலில் குறையும் அடர்த்தியை அளப்பது. 2009இல் தூலாலி என்னும் சிறு மதுவடிசாலை தொடங்கப்பெற்ற புனே நகரில் பழம் சேர்ந்த பியரும் தேன்மதுவும் இன்று அறிமுகமானவை. அத்தகைய பியர் ஒன்றைக் கணக்கிட்டுக் காண்போம். ஊறலின் தொடக்க ஒப்படர்த்தி 1.050, இறுதியில் 1.010 எனில், வேறுபாட்டை 131.25ஆல் பெருக்க, ஆல்கஹால் கனஅளவில் ஏறத்தாழ 5.25 விழுக்காடு. 20 லிட்டரில் இது 1,050 மில்லிலிட்டர். இதனுடன் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரையுள்ள பழச்சாறு 4 லிட்டர் சேர்ப்போம். ஒரு கிராம் சர்க்கரை சுமார் 0.6 மில்லிலிட்டர் ஆல்கஹால் தருவதால், 200 கிராம் தருவது 120 மில்லிலிட்டர். மொத்தம் 1,170, கனஅளவோ 24 லிட்டர். விளைவு சுமார் 4.9 விழுக்காடு. வலிமை கூடவில்லை, குறைந்தது. சாற்றில் லிட்டருக்கு 100 கிராம் இருப்பின் 5.4 ஆகும். எல்லைக்கோடு ஏறத்தாழ 87 கிராம். பழம் சர்க்கரையோடு நீரையும் கொணர்கிறது என்பதே காரணம். பழம் இடுவதற்கு முன் எடுத்த தொடக்க அளவை மட்டும் நம்பினால் இம்மாற்றம் கணக்கில் வராது. 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் மதுவகைகளின் சிட்டையில் ஆல்கஹால் அளவைக் குறிக்கச் சொல்வதால், இப்பிழை அருந்துவோரைத் தவறாக வழிநடத்தும்.

இக்கணக்கோடு கபிலரின் சுனைக்குத் திரும்பினால் ஒரு தெளிவு பிறக்கிறது. தேனில் எடையளவில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பலாச்சுளையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. மாங்கனியில் அதனினும் குறைவு. எடைக்கு எடை வலிமை தருவது தேனே. சுனைநீர் அதை நீர்க்கச் செய்யும். பழத்தோலில் வாழும் ஈஸ்ட் நொதித்தலைத் தொடங்கிவைக்கும். எனவே அத்தேறலைக் கடுமையான மது என்று கூறப் பாடலில் சான்றில்லை. சிற்றுடல் கொண்ட மயில் தளர மென்மையான தேறலே போதும். அது நீரென்று கருதியே பருகியது என்னும் குறிப்பும் இதற்கு முரணன்று.

நடையால் அளந்தது பாட்டு. துலாத்தால் அளந்தது சாத்திரம். அடர்த்தியால் அளப்பது இன்றைய அறிவியல். சங்க நூல்களின் உணவுச் செய்திகளை ஆராய்வோர் பொருளின் பெயரோடு நில்லாது, அதன் அளவையும் நீரின் பங்கையும் வினவுதல் வேண்டும்.