ஹூக்ளிக்கு அடியில் 45 விநாடி: மெட்ரோ பைத்தியங்களுக்கு ஒரு கொல்கத்தா பயணம்

போன மாசம் ஒரு ஜோடிகிட்ட இருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் மெட்ரோன்னா பைத்தியம். பெரிய நகரமா இருக்கணும், தரைக்கு அடியில ரயில் ஓடணும், கையைக் கடிக்கக் கூடாது, பாஸ்போர்ட் இன்னும் எடுக்கல. எங்க போகலாம்னு கேட்டிருந்தாங்க. நம்ம ஊர்ல சப்வேன்னா மழை பெஞ்சா தண்ணி நிக்கிற இடம். அவங்க கேட்டது ரயில் ஓடுற சப்வே.

என் பதில் ஒரே வார்த்தை: கொல்கத்தா. ஆனா ஒரு கண்டிஷன். அங்க போறதுக்கு முன்னாடி அந்த சுரங்கத்தோட கதையைக் கேட்டுட்டுப் போங்க. ஏன்னா அங்க நீங்க குடுக்கப்போற டிக்கெட் காசு ரொம்பக் கம்மி. அந்த டிக்கெட்டுக்கு மீதி விலையை யார் குடுத்தாங்க, இதான் இன்னைக்கு எபிசோட்.

1921-ல் ஒரு வரைபடம்

இந்தியாவோட முதல் மெட்ரோ எதுன்னு கேட்டா, நிறைய பேர் டெல்லின்னு சொல்வாங்க. டெல்லி மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 2002 டிசம்பர்ல. அதுக்கு 18 வருஷம் முன்னாடியே கொல்கத்தாவுல மெட்ரோ ஓடிச்சு. அந்த ஐடியா இன்னும் பழசு.

1921-ல ஹார்லி டால்ரிம்பிள்-ஹே அப்படின்னு ஒரு பிரிட்டிஷ் இன்ஜினியர், லண்டன் ட்யூப் ரயில் சுரங்கங்கள்ல வேலை பார்த்தவர், கொல்கத்தாவுக்கு ஒரு திட்டம் போட்டுக் குடுத்தார். நகரத்தோட கிழக்குப் பக்கத்துல இருந்து ஹூக்ளி நதிக்கு அடியில போய், அந்தக் கரையில ஹவுரா பக்கம் வெளிய வர்ற ரயில் பாதை. பணம் இல்லைன்னு அது பேப்பரோடயே நின்னுபோச்சு.

ஆனா மனுஷன் முழுசா விடல. 1931-ல அதே நதிக்கு அடியில ஒரு சின்ன சுரங்கம் அவர் கைவண்ணத்துல முடிஞ்சுது. ரயிலுக்கு இல்ல, மின்சார கேபிள் கொண்டுபோறதுக்கு. அதாவது ஆத்துக்கு அடியில மனுஷனுக்கு முன்னாடி கரண்ட் போயிருச்சு. மனுஷன் ரயில்ல போக இன்னும் 93 வருஷம் ஆச்சு.

தோண்டிக்கிட்டே இருந்த நகரம்

சுதந்திரத்துக்கு அப்புறம், வங்காள முதல்வர் பி.சி. ராய் இதை மறுபடி கையில எடுத்தார். பிரெஞ்சு நிபுணர்களை வெச்சு ஆய்வு நடந்துச்சு. பிரிவினைக்குப் பிறகு அகதிகள் வந்து குவிஞ்ச ஊர் அது. பஸ்ஸும் டிராமும் பிதுங்கி வழிஞ்சுது. ஆனாலும் ஆய்வு ஆய்வாவே கிடந்துச்சு. அப்புறம் சோவியத் நிபுணர்கள் உதவியோட 1971-ல ஒரு மாஸ்டர் பிளான் வந்துச்சு. அஞ்சு பாதை, மொத்தம் 97.5 கிலோமீட்டர். முதல் பாதை வடக்குல டம்டம்ல இருந்து தெற்குல டாலிகஞ்ச் வரைக்கும். 1972 டிசம்பர் 29-ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினாங்க.

இங்கதான் கஷ்டகாலம் ஆரம்பிக்குது. இப்ப சென்னையில மெட்ரோ சுரங்கம் தோண்டுறது பெரும்பாலும் ராட்சத மெஷின். நமக்கு மேல தெரியறது ஸ்டேஷன் வர்ற இடத்துல இருக்கிற நீல, வெள்ளைத் தகரத் தடுப்புதான். கொல்கத்தாவுல அன்னைக்கு அந்த வசதி இல்ல. பெரும்பாலான பாதைக்கு அவங்க பண்ணின முறை ரொம்ப நேரடியானது. நடு ரோட்டை மேல இருந்து கீழ வரைக்கும் தோண்டு, ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பு, உள்ளே பெட்டி மாதிரி கட்டு, மேல மூடு, திரும்ப ரோடு போடு. வடக்குல பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் நடுவுல மட்டும், மேல ரயில் யார்டும் கால்வாயும் இருந்ததால, சுரங்கமா குடைஞ்சாங்க.

மண்ணு வேற நல்ல மண்ணு கிடையாது. டெல்டா களிமண். கொஞ்சம் தோண்டினா தண்ணி. கீழ பழைய சாக்கடை, குடிநீர் பைப், டெலிபோன் கேபிள். எது எங்க போகுதுன்னு முழுசா டாக்குமெண்டேஷன் கிடையாது. பழைய கோடுல கை வெச்சவங்களுக்கு இந்த வலி புரியும். நிதி வேற சொட்டுச் சொட்டா வந்துச்சு. நகரத்தோட முக்கியமான ரோடு எல்லாம் வருஷக்கணக்குல குழியா கிடந்துச்சு. அந்தக் குழியைத் தாண்டித்தான் ஒரு தலைமுறை ஸ்கூலுக்குப் போச்சு, கடை வெச்சவங்க வாடிக்கையாளர் வராம உக்காந்திருந்தாங்க.

1984 அக்டோபர் 24-ல முதல் ரயில் ஓடிச்சு. எஸ்பிளனேடுல இருந்து பவானிபூர் வரைக்கும், 3.4 கிலோமீட்டர், அஞ்சே ஸ்டேஷன். அடுத்த மாசமே வடக்குல டம்டம்ல இருந்து பெல்காச்சியா வரைக்கும் தனியா ஒரு துண்டு. ரெண்டு துண்டுக்கும் நடுவுல பாதை இல்ல. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன ரெண்டு மாட்யூல், இன்டெக்ரேஷன் மட்டும் இல்ல. அந்த வடக்குத் துண்டுல ஆளே ஏறல, 1992-ல நிறுத்தினாங்க, 1994-ல பாதை நீண்டப்ப மறுபடி ஓட விட்டாங்க. 1995 செப்டம்பர்லதான் டம்டம் டூ டாலிகஞ்ச் முழுசா இணைஞ்சுது. சுமார் 16 கிலோமீட்டருக்கு அடிக்கல்ல இருந்து கணக்கு போட்டா 23 வருஷம். சுமார் 140 கோடின்னு ஆரம்பிச்ச செலவு, முடியும்போது ஆயிரம் கோடியைத் தாண்டியிருச்சு.

பெரம்பூர்ல செஞ்ச பெட்டி

இதுல நம்ம ஊருக்கு ஒரு நிஜமான பங்கு இருக்கு. அந்த முதல் ரயிலோட பெட்டிகள் செஞ்சது பெரம்பூர் ஐசிஎஃப்-ல. சென்னையில முதல் சுரங்க மெட்ரோ ஓடினது 2017-ல. அதுக்கு 33 வருஷம் முன்னாடியே சென்னைத் தொழிலாளிங்க செஞ்ச பெட்டி தரைக்கு அடியில ஓடிட்டு இருந்துச்சு, வேற ஊர்ல. ஏசி இல்லாத பழைய பெட்டிகள் 2021 அக்டோபர் 24-ல, சரியா அந்த 37-வது பிறந்தநாள்ல, ஓய்வு பெற்றுச்சு.

மெட்ரோ பிரியர்களுக்கு இன்னொரு தகவல். இந்த நீலப் பாதை மெட்ரோ கம்பெனி நடத்துறது இல்ல, இந்தியன் ரயில்வே நடத்துறது. அதனால தண்டவாளமும் நம்ம எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி அகலப் பாதை. ஆனா மேல கம்பி கிடையாது, தண்டவாளம் பக்கத்துல ஓடுற மூணாவது தண்டவாளத்துல இருந்து 750 வோல்ட் கரண்ட். சென்னை மெட்ரோவுல குறுகலான ஸ்டாண்டர்டு கேஜ், மேல கம்பி. ரெண்டு பேரும் பிளாட்பார்ம்ல நின்னு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிங்க, காசு இல்லாத பொழுதுபோக்கு.

45 விநாடிக்கு என்ன விலை?

1971 மாஸ்டர் பிளான்ல ரெண்டாவதா ஒரு கிழக்கு-மேற்கு பாதை இருந்துச்சுல்ல? சால்ட் லேக்ல இருந்து ஹவுரா பக்கம். அதுக்கு அடிக்கல் 2009-ல. 2024 மார்ச்ல எஸ்பிளனேடுக்கும் ஹவுரா மைதானுக்கும் நடுவுல ரயில் ஓடிச்சு. ஹூக்ளிக்கு அடியில 520 மீட்டர். இந்தியாவுல ஒரு நதிக்கு அடியில மெட்ரோ போனது அதுதான் முதல் தடவை. கடக்க 45 விநாடி. சுரங்கத்துல நீல விளக்கு போட்டிருக்காங்க, ஆத்துக்கு அடியில இருக்கோம்னு தெரியறதுக்கு.

வீடியோ போடுறவங்க எல்லாம் அந்த நீல விளக்கோட நிறுத்திடறாங்க. நான் பௌபஜார் போகணும். எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் நடுவுல இருக்கிற பழைய ஏரியா. நகைப் பட்டறைகள், ஒட்டி ஒட்டி நிக்கிற பழைய வீடுகள், ஆட்டோ நுழையாத சந்துகள். 2019 ஆகஸ்ட் 31-ல சுரங்கம் தோண்டுற மெஷின் கீழே ஒரு நீரூற்றுப் படுகையை உடைச்சிருச்சு. தண்ணியும் மண்ணும் சுரங்கத்துக்குள்ள பாய, மேல தரை இறங்குச்சு. துர்கா பிதுரி லேன்ல வீடுகள் விரிசல் விட்டுச்சு, சிலது இடிஞ்சே விழுந்துச்சு. நூத்துக்கணக்கான பேரு கட்டின துணியோட கிளம்பி ஹோட்டல்கள்ல தங்கினாங்க. பட்டறை வெச்சிருந்தவங்க தொழிலும் போச்சு. 2022-ல அதே ஏரியாவுல மறுபடி ரெண்டு தடவை விரிசல்.

அந்தத் துண்டு கடைசியா 2025 ஆகஸ்ட் 22-ல திறந்துச்சு. ஹவுராவுல இருந்து சால்ட் லேக் செக்டார் ஃபைவ் வரைக்கும் இப்ப ஒரே ரயில். சியால்தாவுக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவுல போகும்போது ஃபோனைக் கீழ வெச்சுட்டு, மேல ஒரு தெரு இருந்துச்சுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கோங்க. அது போதும்.

ஜோடிகளுக்கு அங்க இடம் இருக்கா?

இதைச் சொல்லாம ஜோடி டிரிப் பத்திப் பேச முடியாது. 2018 ஏப்ரல் 30 ராத்திரி, இதே மெட்ரோவுல ஒரு ஜோடி கட்டிப்பிடிச்சு நின்னதை சில பயணிகள் தட்டிக் கேட்டாங்க. டம்டம் ஸ்டேஷன்ல ரெண்டு பேரையும் வெளிய இழுத்து அடிச்சாங்க. பெரும்பாலும் வயசுல பெரியவங்க அடிச்சதா செய்தி. அடுத்த நாளே கொல்கத்தா இளைஞர்கள் ஸ்டேஷன் வாசல்ல நின்னு, போறவங்க வர்றவங்களைக் கட்டிப்பிடிச்சு எதிர்ப்பு தெரிவிச்சாங்க.

எனக்கு இது ஏன் முக்கியம்னா, நம்ம நகரங்கள்ல ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்கார்ற இடம் ரொம்பக் கம்மி. மால்னா காசு. பீச்னா போலீஸ் விசாரிப்பு. ஏசி ஓடுற, வெளிச்சமான, அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்கிற பொது இடம்னா அது மெட்ரோதான். அந்த இடத்துக்காக ஒரு நகரம் 23 வருஷம் குழியைத் தாண்டிப் போச்சு. அதுல யார் எப்படி நிக்கலாம்னு நாலு பேர் தீர்மானிக்கிறது நியாயமா? இதை எதிர்த்து அடுத்த நாளே அந்த ஊர் பசங்க வந்து நின்னாங்க பாருங்க, அதுவும் இந்த மெட்ரோ வரலாறுதான்.

நடைமுறைக்கு ஒண்ணு. கல்யாணமாகாத ஜோடின்னா சில லாட்ஜ்ல ரூம் தரமாட்டாங்க, அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன்ல கேட்டுருங்க. வயது வந்த ரெண்டு பேர் ஒரே ரூம்ல தங்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லை. 2019 டிசம்பர்ல நம்ம சென்னை உயர் நீதிமன்றமே அதைச் சொல்லியிருக்கு.

சரி, பிளான்

மூணு நாள் போதும். சென்னை சென்ட்ரல்ல ஹவுரா மெயில் ஏறினா ஒரு நாளுக்கு மேல ஆகும், ஆனா இறங்கற ஹவுரா ஸ்டேஷன் பக்கத்துலயே மெட்ரோ. ஃபிளைட்ல போனாலும் 2025 ஆகஸ்ட்ல இருந்து ஏர்போர்ட்டுக்கே மெட்ரோ வந்திருச்சு.

முதல் நாள் நீலப் பாதை, வடக்குல இருந்து தெற்கு. ஷோபாபஜார்ல இறங்கி நடந்தா குமர்துலி, துர்கா சிலை செய்யற தெரு. மகாத்மா காந்தி ரோடு ஸ்டேஷன்ல இறங்கினா காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளும் காபி ஹவுஸும். சாயங்காலம் மைதான்ல இறங்கிப் புல்வெளியில உக்காருங்க, விக்டோரியா மெமோரியல் கண்ணுக்குத் தெரியும். ரவீந்திர சதன் ஸ்டேஷன்ல தாகூரோட ஓவியங்கள் சுவர்லயே இருக்கு, அதுக்குத் தனி டிக்கெட் வேண்டாம். இட்லி தேடுதுன்னா காளிகாட்ல இறங்கி லேக் மார்க்கெட் பக்கம் போங்க, ரொம்ப நாளா தென்னிந்தியர்கள் வாழ்ற ஏரியா.

ரெண்டாவது நாள் நதி. எஸ்பிளனேடுல ஏறி ஆத்துக்கு அடியில ஹவுரா போங்க. மேல வந்து 1943-ல திறந்த ஹவுரா பாலத்தைப் பாருங்க. திரும்பும்போது மெட்ரோ வேண்டாம், படகுத்துறையில ஃபெர்ரி ஏறுங்க. போகும்போது அடியில கடந்த ஆத்தை வரும்போது மேல கடக்கணும். 45 விநாடியில போனது எவ்வளவு பெரிய ஆறுன்னு அப்பத்தான் உறைக்கும்.

மூணாவது நாள் பச்சைப் பாதை முழுசா. சியால்தாவுல இறங்கி பௌபஜார் சந்துகள்ல நடங்க, ஆனா வீடு இழந்தவங்க இருக்கிற இடம், கேமராவை நீட்டாதீங்க. அங்க இருந்து செக்டார் ஃபைவ். நம்ம ஓஎம்ஆர் மாதிரி ஐடி ஏரியா, கழுத்துல டேக் போட்ட கூட்டத்தைப் பார்த்தா லீவு போட்டு வந்ததே மறந்துரும்.

கணக்கு பார்ப்போம். குறைஞ்ச டிக்கெட் 5 ரூபாய். ஹவுரா மைதான்ல இருந்து எஸ்பிளனேடு வரைக்கும், அதாவது நதிக்கு அடியில, 10 ரூபாய். சென்னை மெட்ரோவுல குறைஞ்ச டிக்கெட்டே 10. ஒரு நாளைக்கு ஆறு தடவை, சராசரி 15 ரூபாய், ரெண்டு பேர், மூணு நாள், மொத்தம் 540 ரூபாய். சென்னை மால்ல ரெண்டு சினிமா டிக்கெட்டும் ஒரு பாப்கார்னும் வாங்கினா அதுக்கு மேல ஆகும். ஞாயித்துக்கிழமை ரயில் லேட்டாதான் ஆரம்பிக்கும், அன்னைக்குக் காலையில தூங்குங்க.

இந்த விலை எப்படிக் கட்டுப்படியாகுதுன்னா, ஆகல. பல வருஷமா கொல்கத்தா மெட்ரோ ஒரு ரூபா சம்பாதிக்க ரெண்டு ரூபாய்க்கு மேல செலவு பண்ணியிருக்கு. மீதியை ரயில்வே, அதாவது நாம எல்லாரும், போட்டிருக்கோம். நஷ்டம்னு சிலர் சொல்வாங்க. காலையில டம்டம்ல ஏறி வேலைக்குப் போற வீட்டு வேலை செய்யற அக்காகிட்ட கேட்டா வேற கணக்கு சொல்வாங்க. நான் அந்த அக்கா பக்கம்.

அடுத்த எபிசோட்ல கொல்கத்தா டிராம் கதை. 1873-ல குதிரை இழுத்த வண்டியில ஆரம்பிச்சு இப்ப கிட்டத்தட்ட நின்னுபோற நிலைமைக்கு எப்படி வந்துச்சுன்னு பேசலாம். நீங்க போயிட்டு வந்தா அந்த ஃபெர்ரி பத்தி வாய்ஸ் நோட் அனுப்புங்க. பார்த்துப் போங்க, மக்களே.