பலகையும் கரிக்கடையும்

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று விளக்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் யாருடைய கதை தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் ‘பிஸ்த்ரோ’ இதற்கு நல்ல உதாரணம். பிஸ்த்ரோ என்பது பேட்டைக்கு ஒன்றாக இருக்கும் சிறிய சாப்பாட்டுக் கடை. ஒயினும் கிடைக்கும்.

பாரிஸில், மோன்மார்த்ர் குன்றின் மேல், ‘லா மேர் காத்ரீன்’ என்ற உணவு விடுதியின் சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். 1814 மார்ச் 30ல் கஸாக் வீரர்கள் இங்கே நின்று, ‘சீக்கிரம்’ என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லைக் கூவி மது கேட்டார்கள். பிஸ்த்ரோ அப்படிப் பிறந்தது என்பது அந்தப் பலகையின் கதை. நானும் நின்று படித்தேன். ரசமான கதை. ஆனால் அச்சில் இந்தச் சொல் முதலில் அகப்படுவது 1884ல். எழுபது வருஷம் அது எங்கே ஒளிந்திருந்தது? குடிக்கடையை மையமாக வைத்துத் தொழிலாளர்களின் கொச்சையிலேயே ஸோலா எழுதிய ‘லஸொம்வார்’ 1877ல் புத்தகமாக வந்தது. அதிலும் இது இல்லை.

1880களைப் பார்த்தால் வேறு சரித்திரம் கிடைக்கிறது. 1851ல் லூயி நெப்போலியன் போட்ட ஆணைப்படி, குடிக்கடை திறக்க அதிகாரியின் அனுமதி வேண்டும். கடைகளில் கூடுகிறவர்கள் மேல் அரசுக்குச் சந்தேகம். 1880 ஜூலையில் வந்த சட்டம் இதை நீக்கியது. தகவல் கொடுத்தாலே போதும், கடை திறக்கலாம்.

திறந்தவர்களில் பலர் ஓவெர்ஞ் மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதலில் மாடி மாடியாகத் தண்ணீர் சுமந்தார்கள். குழாய் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையிலேயே ஒயினும் வைத்தார்கள். கணவன் மூட்டை தூக்கிப் போவான். மனைவி ஒயின் ஊற்றுவாள், அடுப்பில் ஏதாவது கொதிக்கும். பாரிஸ்காரர்கள் இவர்களைக் கேலியாக ‘பூஞா’ என்றார்கள். 1882ல் இவர்களுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கியது.

‘பிஸ்த்ரோ’ என்ற சொல்லை இவர்கள்தான் உண்டாக்கினார்கள் என்று நான் வாதிக்கவில்லை. மொழியியலாளர்கள் வட்டார வழக்குகளில் இரண்டு மூன்று வேர்களைக் காட்டுகிறார்கள், எதுவும் முடிவாகவில்லை. சொல்லின் பிறப்பு வேறு, இடத்தின் பிறப்பு வேறு. பலகை இரண்டையும் ஒன்றாக்கி, இடத்தை உண்டாக்கியவர்களை மறைத்துவிடுகிறது.

பஸ்தீய் பக்கம், ஒரு காலத்தில் ஓவெர்ஞ்காரர்கள் நிறைந்திருந்த ரூ த லாப் தெருவுக்கு அருகில், ஒரு பிஸ்த்ரோவில் சாப்பிட்டேன். பக்கத்து மேஜைக்காரரின் முழங்கை என் தட்டின் மேல். கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிய நான்கைந்து பதார்த்தங்கள். சாஸேஜுடன் பச்சைநிற மசூர்ப் பருப்பு, சீஸை இழுத்து இழுத்துக் கலந்த உருளைக்கிழங்கு மசியல். இரண்டும் அந்த மலைப்பக்கத்துச் சாப்பாடு. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு கிழவர் ஒரே கோப்பையுடன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ‘சீக்கிரம்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. குளிர்காய அடுப்பில்லாத ஒற்றை அறைகளில் இருந்த தொழிலாளிக்கு, உட்கார ஓரிடம் கொடுத்துத்தான் இந்தக் கடைகள் நிலைத்தன.

படையெடுத்து வந்தவனுக்குத் தேதி உண்டு. பலகை வைப்பது எளிது. கரி சுமந்தவர்கள் ஒரு நாள் பார்த்து வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக, வருஷக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் ஊர்ப் பருப்பு மட்டும் இன்னும் தட்டில் இருக்கிறது.