கரும்புத் தீவில் முஹர்ரம்

மேற்கிந்தியத் தீவுகளின் தென்கோடியில், வெனிசுவேலா நாட்டின் கரைக்கு மிக அருகில் அமைந்திருப்பது டிரினிடாட் தீவு. விடுமுறையைக் கழிக்க அங்குச் செல்வோர்க்குக் காணத்தக்கவை பல உண்டு. வடபால் மலைத்தொடரைக் கடந்தால் மராக்காஸ் கடற்கரை. கரோனிச் சதுப்பு நிலத்தில் மாலைப்பொழுதில் கூட்டங்கூட்டமாக வந்தடையும் செந்நிற அரிவாள்மூக்கன் பறவைகள், பச்சை மரங்களைச் சிவப்பாக்கிவிடும். தென்மேற்கே லா பிரேயா என்னுமிடத்தில் இயற்கையாய் அமைந்த தார் ஏரி இருக்கிறது. 1595ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடலோடி வால்ட்டர் ராலே அந்தத் தாரைக் கொண்டுதான் தம் கப்பல்களின் இடுக்குகளை அடைத்துக்கொண்டார். கார்னிவல் திருவிழாவும், எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த எஃகு மேளமும் உலகறிந்தவை.

இவற்றையெல்லாம் பார்த்துத் திரும்பும் பயணி, முஹர்ரம் மாதத்தில் அங்கிருக்க நேர்ந்தால் மற்றொரு காட்சியையும் காண்பார். அதற்கு அத்தீவினர் இட்ட பெயர் 'ஹொசே'. 'யா ஹுஸைன்' என்னும் குரல் பல தலைமுறை நாவுகளில் தேய்ந்து இவ்வாறாயிற்று. அதை வேடிக்கை பார்க்கும் பலர், தம் கண்முன் செல்வது எத்தகைய வரலாறு என்பதை அறியாமலே திரும்பிவிடுகின்றனர். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீதியில் காண்பது

தலைநகரான போர்ட் ஆவ் ஸ்பெயினின் மேற்குப் பகுதி ஸெயிண்ட் ஜேம்ஸ். முன்னர் 'பெரு' என்ற பெயருடைய கரும்புத் தோட்டமாயிருந்த நிலம் அது. இன்று அதன் தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டு நடக்கும் இந்தியர் எவரும் ஒரு கணம் நின்றுவிடுவார். கல்கத்தாத் தெரு, டில்லித் தெரு, பம்பாய்த் தெரு. அவற்றோடு மெட்ராஸ் தெருவும் உண்டு!

முஹர்ரம் பத்தில் இந்தத் தெருக்கள் உறங்குவதில்லை. முதலில் கொடிகள் எடுக்கும் இரவு; அடுத்தது சிறிய தாபூத்துகள் வரும் இரவு; அதற்கடுத்தது பெரிய தாபூத்துகள் வரும் இரவு. மூங்கிலும் வண்ணத்தாளும் மின்னும் தகடும் கொண்டு, மாடமும் கும்பமும் அமைத்து, பலநாள் உழைப்பில் அவை உருவாகின்றன. கட்டும் பணி நடக்கும் மனைகளில் அந்நாட்கள் முழுவதும் இறைச்சியும் மதுவும் விலக்கப்படும். மரபு வழியாக இப்பணியைச் செய்துவரும் மனைகளுள் ஒன்றின் பெயர் 'பஞ்சாயத்தி' என்பதே அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் காட்டிவிடும்.

தாபூத்துகளோடு இரண்டு பெரும் பிறைகளும் வருகின்றன. பச்சைப் பிறை, நஞ்சூட்டப்பட்ட இமாம் ஹஸன் (ரலி) அவர்களை நினைவூட்டுவது. சிவப்புப் பிறை, ஹிஜ்ரி 61இல், அதாவது கி.பி. 680இல், கர்பலா களத்தில் ஷஹீதான இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குரியது. பெருஞ்சுமையான இப்பிறைகளை ஒருவர் தோள்மீது தாங்கிச் சுழன்றாடுவார். களைத்ததும் அடுத்தவர் தோள் கொடுப்பார். ஓரிடத்தில் இரு பிறைகளும் நெருங்கி ஒன்றையொன்று தொடும். சகோதரர் இருவரும் தழுவிக்கொள்வதாகப் பொருள். தாஸா மேளத்தின் தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிக்கொண்டே முழக்குவார்கள். மேளம் கொட்டுவோரில் இந்துக்களும் உண்டு. ஆப்பிரிக்க வழியினரும் உண்டு. இறுதியில், மூன்றாம் நாள், இவ்வளவு பாடுபட்டுச் செய்த தாபூத்துகளைக் கடலில் இட்டுவிடுவது மரபு.

கப்பலில் வந்தோர்

டிரினிடாடில் இஸ்லாத்தின் வரலாறு இந்தியர்களோடு தொடங்கியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மாந்திங்கோ முஸ்லிம்கள் அதற்கு முன்னரே அங்கு வாழ்ந்தனர். ஜோனாஸ் முஹம்மது பாத் என்பவரின் தலைமையில் அவர்கள் பொருள் திரட்டித் தம் சகோதரர்களை விலைகொடுத்து மீட்டனர். தங்களைத் தாயகத்திற்கு அனுப்பிவைக்குமாறு 1838ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசுக்கு விண்ணப்பமும் செய்தனர். அது ஏற்கப்படவில்லை.

அதே 1838ஆம் ஆண்டில் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான கைகள் தேவைப்பட்டன. அவர்கள் இந்தியாவை நோக்கித் திரும்பினர். 1845 மே 30ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட முதற் கப்பல் 103 நாட் பயணத்திற்குப் பின் டிரினிடாடை அடைந்தது. அதில் வந்த இந்தியர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர். அக்கப்பலை அங்குள்ளோர் 'ஃபாட்டல் ரசாக்' என்று அழைக்கின்றனர். 'ஃபத்ஹுர் ரஸ்ஸாக்' என்னும் அரபுப் பெயரின் சிதைவு அது. இரணமளிப்பவனாகிய இறைவனின் பெயர் தாங்கிய கப்பலில், உணவு தேடி, ஏழைகள் கூலிகளாகச் சென்றனர்.

1845 முதல் 1917 வரை அவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 1,44,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்த வடநாட்டார். சென்னையிலிருந்து சென்றோர் சிறுபகுதியினர். முஸ்லிம்களும் எண்ணிக்கையில் குறைந்தவர்களே. 1866 முதல் அவர்கள் இறக்கப்பட்ட நெல்சன் தீவு, தலைநகருக்கு அப்பால் கடலில் இருக்கிறது. இன்று படகில் சென்று அதைப் பார்த்து வரலாம்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பது பெயர். நடைமுறையில், அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தின் எல்லையைத் தாண்டியவன் குற்றவாளி. வேலைக்கு வராதவன் சிறைக்குச் செல்ல வேண்டியவன். இத்தகைய வாழ்வில் ஆண்டுக்கொருமுறை வந்த ஹொசே, முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. ஒவ்வொரு தோட்டமும் தன் தாபூத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படும். தூக்குவோரிலும் மேளம் கொட்டுவோரிலும் இந்துக்களே மிகுதி. தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர்களில் இந்துக்கள் பஞ்சா எடுப்பதை அறிந்த நமக்கு இது வியப்பாயிராது.

1884 அக்டோபர் 30

1880களில் ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை சந்தையை நிறைத்தது. கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தது. அந்த நட்டத்தைத் தோட்ட முதலாளிகள் கூலிகளின் தலைமீது ஏற்றினர். அதே கூலிக்குக் கூடுதல் வேலை கேட்கப்பட்டது. வேலைநிறுத்தங்கள் எழுந்தன. 1881இல் தலைநகரில் கார்னிவலின்போது கறுப்பின மக்களுக்கும் காவலருக்கும் மோதல் ஏற்பட்டிருந்தது. உழைப்பவர்கள் திரளாகக் கூடுவதே அரசினருக்கு அச்சமாயிற்று.

1884ஆம் ஆண்டில் புதிய விதிகள் வெளிவந்தன. ஹொசே ஊர்வலம் போர்ட் ஆவ் ஸ்பெயின், ஸான் பெர்னாண்டோ ஆகிய நகரங்களுக்குள் நுழையலாகாது, பெருஞ்சாலைகளில் செல்லலாகாது, இந்தியரல்லாதார் கலந்துகொள்ளலாகாது. இத்தடையை நீக்குமாறு கோரி விண்ணப்பம் ஒன்று எழுதப்பட்டது. அதில் முதலாவதாகக் கையொப்பமிட்டவர் சூக்கு என்னும் இந்து! விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஹிஜ்ரி 1302, முஹர்ரம் பத்து. ஆங்கிலக் கணக்கில் 1884 அக்டோபர் 30, வியாழக்கிழமை. தீவின் தென்பகுதித் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தாபூத்துகளைச் சுமந்து ஸான் பெர்னாண்டோவை நோக்கி நடந்தனர். கடலில் அவற்றை இட அந்நகரின் வழியாகச் செல்வதே அவர்களின் பழைய வழக்கம். நகரின் நுழைவாயில்களில் ஆயுதம் தாங்கிய காவலரும் படையினரும் நின்றனர். மோன் ரெப்போ சந்திப்பில் கலகச் சட்டம் வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வாசித்தது மேளமுழக்கத்தினூடே எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? விழுந்திருந்தாலும் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்? ஊர்வலம் நிற்கவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. நகரின் மற்றொரு வாயிலிலும் சுட்டனர்.

இறந்தோர் 16 என்பாரும் 22 என்பாரும் உளர். காயமுற்றோர் நூற்றுக்கு மேற்பட்டவர். அவர்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். விசாரணைக்கு ஜமைக்காவின் ஆளுநர் ஸர் ஹென்றி நார்மன் வரவழைக்கப்பட்டார். காவலரின் செயல் சரியே என்பது அவர் அளித்த முடிவு. இச்சம்பவத்தை நன்கு ஆராய்ந்து வரலாற்றாசிரியர் கெல்வின் சிங் எழுதிய நூல் 1988இல்தான் வெளிவந்தது. அதற்குள் நூறாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இன்று

ஸான் பெர்னாண்டோவில் அந்த ஊர்வலம் மறைந்தது. ஸெயிண்ட் ஜேம்ஸிலும், தென்மேற்குக் கோடியிலுள்ள ஸெட்ரோஸிலும் நிலைத்தது. இன்று அரசே அதைப் பயணிகளுக்குரிய காட்சியாக விளம்பரம் செய்கிறது. மது அருந்தி ஆடுவோரும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றனர். அத்தீவின் முஸ்லிம்களிலேயே பெரும்பாலோர் ஹொசேயை ஏற்பதில்லை. தாபூத்தும் மேளமும் மார்க்கத்தில் இல்லாதவை என்பது அவர்களின் கருத்து. ஸெயிண்ட் ஜோஸப் நகரில் 1954இல் எழுந்த ஜின்னா நினைவுப் பள்ளிவாசல் போன்றவையே அவர்களின் சமய வாழ்வின் நடுவிடங்கள்.

மார்க்கத் தீர்ப்பை ஆலிம்கள் சொல்லட்டும். வரலாறு கேட்கும் கேள்வி வேறு. துப்பாக்கிகள் காத்திருக்கின்றன என்று அறிந்தும் அந்தக் கூலிகள் ஏன் நடந்தார்கள்? ஆண்டு முழுவதும் சீட்டுக் காட்டி நடந்தவர்களுக்கு, தலைநிமிர்ந்து ஒன்றாக நடக்கக் கிடைத்த ஒரே நாள் அது. அந்த நாளையும் பறிகொடுக்க அவர்கள் உடன்படவில்லை. அநீதியான ஆட்சிக்கு முன் பணியாத ஒருவரின் நினைவை ஏந்திச் சென்றவர்களுக்கு, அதன் பொருளைப் பிறர் விளக்க வேண்டியதில்லை.

டிரினிடாடில் இன்று ஈதுல் ஃபித்ர் பொது விடுமுறை, தீபாவளியும் அவ்வாறே. முதற் கப்பல் வந்த மே 30உம் விடுமுறை நாளே. அங்குக் காலையில் தெருவோரம் நின்று எல்லா இனத்தவரும் உண்ணும் சிற்றுண்டி 'டபிள்ஸ்'. மிருதுவான இரண்டு பாராக்களின் மேல் கொண்டைக்கடலைக் குழம்பை வைத்துத் தருவார்கள். 1930களில் பிரின்ஸஸ் டவுனில் அதை விற்கத் தொடங்கியவர் இமாமுல் தீன் என்னும் முஸ்லிம். ஸான் பெர்னாண்டோவுக்குக் கிழக்கே சில மைல் தூரத்திலுள்ள ஊர் அது.

ஆகவே, அத்தீவுக்குச் செல்லும் பயணி கடற்கரையையும் பறவைகளையும் பார்க்கட்டும், டபிள்ஸும் உண்ணட்டும். ஒரு நாள் ஒதுக்கி, ஸான் பெர்னாண்டோவின் மோன் ரெப்போ சந்திப்பிலும் சற்று நிற்கட்டும். வண்டிகள் விரையும் சாதாரணச் சாலைதான் அது. அங்கு வீழ்ந்தவர்களுள் பலர் நம் நாட்டில் பிறந்தவர்கள். அவர்கள் பொருட்டு ஒரு துஆச் செய்ய நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.