கியோட்டோ செர்ரி மலர்ச்சிப் பதிவுகள்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாள்களின் வரிசை. பருவ மாற்றங்களுக்கு மரங்கள் காட்டும் எதிர்வினையைப் பதிவுசெய்யும் உலகின் மிக நீண்ட தரவுத்தொகுப்புகளில் ஒன்று. இதன் முதல் பதிவு பொ.ஆ. 812-ஐச் சேர்ந்தது. அரசவையினர், துறவிகள் ஆகியோரின் நாட்குறிப்புகளில் மலர்விழா பற்றிக் காணப்படும் செய்திகளைத் திரட்டி, ஒசாகா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் யாசுயுகி அவோனோ இதை விரிவாகத் தொகுத்தார். முதன்மையாகக் கணக்கில் கொள்ளப்படுவது யமசகுரா என்னும் மலைச் செர்ரி.

கோடையில் உருவாகும் பூமொட்டுகள் குளிர்காலத்தில் உறங்குநிலையில் இருக்கும். போதிய குளிரைப் பெற்றபின், வெப்பம் கூடக்கூட அவை வளர்ந்து விரியும். எனவே மலரும் நாளைக் கொண்டு அந்தந்த ஆண்டின் மார்ச் மாத வெப்பநிலையை மதிப்பிடலாம். வெப்பமானி இல்லாத நூற்றாண்டுகளுக்கும் இம்முறை பொருந்தும்.

பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி நிகழ்ந்த முழுமலர்ச்சி, 20-ஆம் நூற்றாண்டில் தெளிவாக முன்னகர்ந்தது. 2021-இல் அது மார்ச் 26 அன்றே நிகழ்ந்தது. அதற்குமுன் மிக முந்தியதாக அறியப்பட்டது 1409-இன் மார்ச் 27. புவி வெப்பமாதலுடன் நகரமயமாதலால் கூடிய உள்ளூர் வெப்பமும் இதற்குக் காரணம்.